வெள்ளை நடுக்கட்டம்

தலையணையில் வேறு யாரோ வீட்டு எண்ணெய் வாடை அடித்தது. இசக்கிசெல்வி கண்ணைத் திறக்காமலே மூக்கைச் சுளித்தாள். அவள் தலைக்கு வைப்பது தேங்காயெண்ணெய். அம்மா ஊரில் செக்கில் ஆட்டி, பாட்டிலில் ஊற்றி, வாயைப் பாலிதீனால் இறுகக் கட்டி அனுப்புவது. இதுவோ கசப்பும் கற்பூரமும் கலந்த வேப்பெண்ணெய் நெடி, மூலைக் கட்டில் பூமாரி பொடுகுக்கென்று பூசித் தொலைக்கிற சனியன். ஆறு பேர் அடைந்து கிடக்கிற ஹாஸ்டல் அறையில் தலையணை மாறுவதெல்லாம் ஒரு விஷயமா என்று அதைத் திருப்பிப் போட்டாள். உறையின் மூலையில் அம்மா சிவப்பு நூலால் தைத்திருந்த 'இ' விரலில் நெருடியது. தலையணை அவளுடையதுதான்.

அப்புறம்தான் தன் சடையை இழுத்து முகர்ந்தாள். நெடி அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

வெளியே உச்சி வெயில் ஒரகடத்துச் சாலையை உருக்கிக்கொண்டிருக்கும். அறைக்குள் அது தெரியாது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பகலில் தூங்க வேண்டுமே என்று ஜன்னலில் கம்பெனி அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டி, ஓரமெல்லாம் கறுப்பு டேப் அடித்திருந்தார்கள். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிர, ஆறு இரும்புக் கட்டில்களும் அதோடு சேர்ந்து மெல்லக் கிணுகிணுக்கும். ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எதையோ உரசும். டேப் விட்டுப்போன ஓர் ஓட்டை வழியாக நூல் மாதிரி ஒரு வெளிச்சம் அறையைக் கடந்து எதிர்ச் சுவர் அலமாரியில் போய் விழும். அந்த வெளிச்சத்தில் இப்போது அவளுடைய ரூபிக்ஸ் க்யூப் உட்கார்ந்திருந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது வாங்கியது அது. பொழுது போகாமல் வாங்கவில்லை, விரல் அடங்காமல் வாங்கினாள். கார் விளக்குக்குள் போகிற சின்னப் பலகையில் ஒரு கனெக்டரைப் பொருத்துவதுதான் லைனில் அவள் வேலை. எடு, அழுத்து, திருப்பு, தள்ளு. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் சாய்ந்தாலும் மடியில் கிடக்கிற விரல்கள் அதையே செய்துகொண்டிருக்கும். தூக்கத்திலும் செய்யும். பக்கத்துக் கட்டில் சுகப்பிரியா ஒரு நாள் அதைப் பார்த்துப் பயந்துபோய் அவளை உலுக்கி எழுப்பிவிட்டாள். அந்த விரல்களின் வாயை அடைக்க வாங்கியதுதான் க்யூப்.

கலைந்ததைச் சேர்ப்பதில் செல்விக்கு ருசி இல்லை. யார் சீக்கிரம் சேர்ப்பது என்கிற பந்தயமெல்லாம் பையன்களோடு போகட்டும். சேர்ந்து கிடக்கிற க்யூப்பை எடுத்து அதில் கோலம் போடுவதுதான் அவளுக்குப் பிடிக்கும். சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கோலம், பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி ஒன்று, பாம்பு வளைந்து போகிற மாதிரி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்தை எப்போது திருப்ப வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. வரிசை விரலில் ஏறிவிட்டால் பிறகு கண்ணே வேண்டாம்.

ஹாஸ்டலிலும் ஆறு நிறம் இருந்தது. பக்கெட்டும் குவளையும் மாறிப்போய்க் குழாயடியில் தினமும் சண்டை நடப்பதைப் பார்த்து, வார்டன் சரோஜாக்கா கலர் டேப் வாங்கி வந்து கட்டில், பக்கெட், தட்டு, துணிக்கொக்கி என்று ஆளுக்கொரு நிறமாக ஒட்டிவிட்டாள்.

"கம்பெனில மட்டும் கலர் பாத்து எடுக்கத் தெரியுதுல்ல? இங்கியும் அப்டியே எடு. அப்பால, கட்டிலுக்கு அடில சோத்த வெக்காதீங்க. எலி கீது."

செல்விக்கு வெள்ளை. சுகப்பிரியாவுக்குச் சிவப்பு. பூமாரிக்குப் பச்சை. மற்ற மூன்று நிறமும் பகல் ஷிப்ட் பெண்களுக்கு. இவர்கள் கிளம்பும்போது அவர்கள் வந்து படுப்பார்கள், வாசலில் ஒரு சிரிப்போடு சரி. க்யூப்பிலும் அதே ஆறு நிறம் இருப்பதை முதலில் கவனித்தது பூமாரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஒன்றாக இருந்தபோது, தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பச்சைப் பக்கத்தின் நடுவில் ஒட்டினாள். "இது நான்" என்றாள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு நெற்றியிலிருந்து பிய்த்து அவரவர் நிறத்தின் நடுவில் ஒட்டினார்கள். பொட்டு கீழே விழுந்தாலே எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற பெண்கள், விளையாட்டுக்கு அன்று ஆறு பொட்டையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, செல்வி அந்த க்யூப்பை வாங்கி அவளுக்கு ரொம்பப் பிடித்த கோலத்தைப் போட்டாள்.

புள்ளிக் கோலம் அது. ஒவ்வொரு பக்கமும் ஒரே நிறமாக இருக்க, நடுக்கட்டம் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். சிவப்புப் பக்கத்தின் நடுவில் செல்வியின் வெள்ளை. பச்சையின் நடுவில் சுகாவின் சிவப்பு. வெள்ளையின் நடுவில் பூமாரியின் பச்சை.

"பாத்தியா, என் பொட்டு உன் வீட்டுக்கு வந்துட்டு" என்றாள் பூமாரி.

"ஏளா, பொட்டு எங்கயும் வரல" என்றாள் செல்வி. "நடுக்கட்டம் அசையவே அசையாது. ஆணி அடிச்ச மாதிரி கெடந்த எடத்துலயே கெடக்கும். சுத்தி இருக்கதுதான் பூரா எடம் மாறிருக்கு."

"அப்ப நாம எங்கயும் போகல. நம்ம வீடுதான் நம்மள உட்டுட்டுப் போயிருக்கு."

அதற்கும் சிரித்தார்கள். கோலம் அழகாக இருந்ததால் செல்வி அதைக் கலைக்காமல் அலமாரியில் வைத்தாள். மொத்தம் மூன்று முறை அதே வரிசையைத் திருப்பினால் கோலம் மறைந்து பழையபடி ஆகிவிடும், எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்தது. சுகா தினமும் வெள்ளை டேப் ஒட்டிய தட்டை எடுத்துச் சாப்பிட்டாள். சொன்னால், "என் தட்டுதானே" என்று முழித்தாள். சத்தமே வராமல் சிரிக்கிற பூமாரி, சுகாவைப் போல மூக்கால் உறிஞ்சிச் சிரிக்க ஆரம்பித்தாள். தூக்கம் கெட்டவர்கள் எதையும் செய்வார்கள் என்று செல்வி தன்னைத் தேற்றிக்கொண்டாள். இப்போது சடையில் வேப்பெண்ணெய். அவள் அதைத் தொட்டதே இல்லை.

தொண்டை வறண்டது. எழுந்து வராந்தாவுக்குப் போனாள். வெயில் கண்ணில் அறைந்தது. சரோஜாக்கா படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா பூமாரி, தூங்கல?"

"அக்கா, நான் செல்வி."

சரோஜாக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். வேடிக்கை பண்ணுகிற முகம் இல்லை அது. "வெயிலு மண்டைல ஏறிடுச்சா? செல்வி உள்ள தூங்கினு கீது. போ, நீயும் போயி படு."

செல்வி தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு அறை ஒரேயடியாக இருண்டிருந்தது. கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்து நின்றபோது, சுகாவின் கட்டிலிலிருந்து மெல்லிய பேச்சுக்குரல் கேட்டது.

"தின்னுட்டேம்மா. ரசமும் அப்பளமும்... இல்ல, மோரு இல்ல. அப்பா கால் கட்ட அவுத்தாச்சா?"

செல்வியின் அப்பாதான் வயலில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டவர். சுகாவின் அப்பா டீக்கடை வைத்திருக்கிறார், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். செல்வி மூச்சை அடக்கிக்கொண்டு காதை அந்தப் பக்கம் வைத்தாள். போனிலிருந்து முதலில் ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால், நறுக் நறுக் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தை அவள் எந்த நரகத்திலும் அடையாளம் சொல்வாள். அம்மா உலகம்மாள் பீடி இலை வெட்டுகிற கத்தரிக்கோல் அது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, கை நிற்காமல் இலை வெட்டியபடியேதான் தினமும் உச்சிநேரத்தில் மகளோடு பேசுவாள். அம்மாவுக்குப் பாம்புச் செவி. பின்னால் யார் இருமினாலும் யாரென்று கேட்பாள், ஃபேன் சத்தம் மாறினால்கூட மின்சாரம் போய் வந்ததா என்பாள். அந்தச் செவிக்குத் தன் மகளின் குரல் தெரியவில்லையா? சுகாவிடம் அவள், "ஏட்டி செல்வி, நேரத்தோட ஒறங்குட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்வி தன் போனில் 'அம்மா' என்று இருந்ததை அழுத்தினாள். ஆடு கத்துகிற சத்தத்தோடு அறியாத ஒரு பொம்பளை எடுத்தாள்.

"மாரி, என்ன தாயி இந்நேரத்துல? மேலுக்கு முடியலியா?"

போனை அணைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூமாரி சொல்லிச் சிரித்தது காதில் கேட்டது. நாம எங்கயும் போகல. வீடுதான் போயிருக்கு.

அலமாரிக்குப் போய் க்யூப்பை எடுத்தாள். எடுத்ததும் கை கூசியது, அது உடம்புச் சூட்டில் இருந்தது. போட்ட கோலத்தைப் பின்னாலிருந்து ஒவ்வொரு திருப்பமாக அவிழ்த்துவிட்டால் போதும். முன்னால் திருப்பியும் சரிசெய்யலாம், ஆனால் அதற்கு இன்னும் ஒரு மாற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். அது அவளால் ஆகாது. அவிழ்த்துவிட வேண்டும். ஒரே தடவை. பின்பக்கமாக.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடித் திருப்ப ஆரம்பித்தாள். மேல் அடுக்கு, கீழ் அடுக்கு. வலது, இடது. பிளாஸ்டிக் உரசுகிற ஒலி அறை முழுக்கக் கேட்டது. விரல்கள் தடுமாறாமல் போயின. கடைசித் திருப்பம் முடியும்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரல்கள் தடுமாறாமல் போனதே தப்பு. லைனில் பின்னால் போவது என்று ஒன்று கிடையாது. அந்த விரல்களுக்கு ஒரு வழிதான் தெரியும். அவை பழைய வரிசையிலேயே முன்னோக்கிப் போயிருந்தன.

வெளிச்ச நூலில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை நடுக்கட்டம் இப்போது பச்சைப் பக்கத்தில் நின்றது.

சுகாவின் பேச்சு பாதியில் நின்றுபோனது. இருட்டில் இன்னொரு மூலையிலிருந்து, பூமாரியின் கட்டிலிலிருந்து, நறுக் நறுக்.

"சொல்லும்மா" என்றாள் பூமாரி. "கேக்குது, சொல்லு."

முதல் தடவை மாறுவதற்கு நாள் கணக்கில் ஆனது. இப்போது ஒரு மூச்சுகூட ஆகவில்லை. செல்வியின் கையில் போன் அதிர்ந்தது. எடுக்காமலே ஒரு ஆம்பளைக் குரல் பேசியது. "சுகா, அப்பா பேசுதேன். என்னத்தா, பேச மாட்டேங்க?"

அவளுக்கு அழுகை வந்தது. அம்மா இதே அறையில்தான் இருக்கிறாள், நாலு எட்டில் இருக்கிறாள், வேறொருத்தியிடம் ஒறங்குட்டி என்று கொஞ்சிக்கொண்டு. பயத்தைவிட அந்தப் பொறாமை அதிகமாக எரிந்தது. இன்னும் ஒரு தடவை. முன்னால்தான். விரலுக்குத் தெரிந்த வழிதான். முடிந்தால் எல்லாம் அவரவர் இடத்துக்கு வந்துவிடும்.

திருப்பினாள். மேல். கீழ். வலது. இடது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. சுகாவும் பூமாரியும் படுத்த வாக்கிலேயே தலையை அவள் பக்கம் திருப்பியிருந்தார்கள். கண் திறந்திருந்ததா என்று இருட்டில் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு திருப்பம். வெளியே லாரி வந்தது. சுவர் அதிர்ந்தது. கட்டில்கள் கிணுகிணுத்தன.

க்யூப் நழுவியது.

கட்டில் காலில் மோதித் தரையில் விழுந்தது. கூடவே வேறு ஏதோ தனியாகத் தெறித்துச் சுழன்று ஓடுகிற சத்தம். தேடி எடுத்து, யோசிக்காமல், கடைசித் திருப்பத்தை முடித்தாள்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. போன் அடங்கியது. ஃபேன் மட்டும் உரசியது.

க்யூப்பை வெளிச்சத்தில் காட்டினாள். சிவப்பு முழுச் சிவப்பாக இருந்தது. பச்சை முழுப் பச்சை. பொட்டுகள் அவரவர் நிறத்தில். கடைசியாக வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினாள். சுற்றி எட்டுக் கட்டமும் வெள்ளை. நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஒரு ஆணியும் சுருண்ட கம்பியும். மலிவுச் சரக்கு, நடுக்கட்டத்தின் மூடி கழன்று ஓடியிருக்கிறது. பொட்டு அந்த மூடியில்தான் இருந்தது.

அவ்வளவுதானே, எடுத்து மாட்டினால் ஆயிற்று. க்யூப்பைத் தரையில் வைத்துவிட்டு, வெள்ளை டேப் ஒட்டிய தன் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து நுழைந்தாள். தூசி மூக்கில் ஏறியது. காய்ந்த சோற்றுப் பருக்கை முழங்கையில் குத்தியது. கையை நீட்டித் துழாவினாள். ட்ரங்குப் பெட்டி. ஒற்றைச் செருப்பு. சுவரோரம், ஆழத்தில், மூடி. விரல் பொட்டின் சொரசொரப்பைத் தொட்டது.

அப்போது தேங்காயெண்ணெய் மணத்தது.

அவள் வீட்டு எண்ணெய். செக்கு எண்ணெய். அம்மா கை மணம். வந்துவிட்டது, எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று அழுதபடி சடையை இழுத்து முகர்ந்தாள்.

சடையில் ஒரு வாடையும் இல்லை.

மணம் மேலேயிருந்து வந்தது.

கட்டில் முனகியது. அவள் முகத்துக்கு நேர் மேலே மெத்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. யாரோ எழுந்து உட்காருகிறார்கள். இரண்டு பாதங்கள் தரையில் இறங்கின. இடது காலின் பெருவிரலில் நகம் பாதி. ஏழாம் வகுப்பில் பம்புசெட் கல்லில் இடித்துப் பெயர்ந்த நகம். செல்வியின் நகம்.

"சுகா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கீச்சென்று ஏதோ வந்தது. வெளியே கையை நீட்டினாள். கை கட்டில் நிழலின் விளிம்பு வரை போனது. அதற்கப்பால் கை இல்லை.

ஒரு முகம் தலைகீழாகக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தது. சடை தரையைத் தொட்டது. நெற்றியில் பொட்டு இல்லை. அந்தக் கண்கள் அவள்மீது பட்டன. நிற்கவில்லை. பெட்டியைப் பார்த்தன. செருப்பைப் பார்த்தன. ஒரு கை நீண்டு வந்து, அவள் விரலிடுக்கிலிருந்து மூடியை உருவியது.

எடுத்தது. அழுத்தியது. டக்கென்று பொருந்துகிற சத்தம். திருப்பியது. அலமாரியில் தள்ளியது.

போன் அடித்தது. வெள்ளைக் கட்டிலில்.

"சொல்லும்மா. இப்பந்தான் எந்திச்சேன்."

நறுக் நறுக். கத்தரிக்கோல். கூடவே அம்மாவின் குரல், தெளிவாக, பக்கத்தில் இருப்பது போல. செல்வி தன் உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து கத்தினாள். அம்மா என்று கத்தினாள். திரும்பத் திரும்பக் கத்தினாள்.

கத்தரிக்கோல் நின்றது.

"ஏட்டி செல்வி" என்றாள் உலகம்மாள். "பின்னால என்னமோ கத்துதே. என்னதுட்டி அது?"

பாதங்கள் அசையாமல் நின்றன. அரை நகம் தரையை ஒரு முறை தட்டியது.

"எலிம்மா. கட்டிலுக்கு அடியில கெடக்கு. சரோஜாக்காட்டச் சொல்லி மருந்து வைக்கணும்."

"வையி, வையி. ஒறக்கத்தக் கெடுத்துரும்" என்றாள் அம்மா. கத்தரிக்கோல் மறுபடியும் இலை வெட்ட ஆரம்பித்தது.